ஊசியிலிருந்து மாத்திரைக்கு: புற்றுநோய்க்கான நோய் எதிர்ப்பு சிகிச்சையில் நீளும் தேடல்

பெங்களூரு: இந்தியாவில் ஒரே ஆண்டில் 14 லட்சத்துக்கும் அதிகமானோருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டதாகவும், 9 லட்சத்துக்கும் அதிகமானோர் அந்நோயால் உயிரிழந்ததாகவும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் 2022-ஆம் ஆண்டுக்கான மதிப்பீடு தெரிவிக்கிறது. கடந்த பத்தாண்டுகளில் புற்றுநோய் மருத்துவத்தின் போக்கையே மாற்றியமைத்த நோய் எதிர்ப்பு சிகிச்சை, இவர்களில் மிகச் சிலரை மட்டுமே சென்றடைகிறது. தலை மற்றும் கழுத்துப் புற்றுநோயின் முற்றிய நிலைக்கு அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை முறைகள், குறைந்த மற்றும் நடுத்தர வருவாய் கொண்ட நாடுகளில் 1 முதல் 3 சதவீத நோயாளிகளுக்கே எட்டுகின்றன என்று மும்பை டாடா நினைவு மருத்துவமனை மருத்துவர்களின் ஆய்வறிக்கை சுட்டிக்காட்டியுள்ளது. அதற்குக் காரணம் விலை.

நரம்பு வழியாகச் செலுத்தப்படும் இந்த மருந்துகளின் பணியை, வீட்டிலேயே உட்கொள்ளக்கூடிய ஒரு மாத்திரையால் செய்ய முடியுமா என்ற கேள்விக்கு உலகின் பல ஆய்வகங்கள் விடை தேடி வருகின்றன. அத்தேடலில் பெங்களூருவுக்கும் ஒரு முக்கிய இடம் உண்டு. எனினும் இதுவரை கிடைத்த முடிவுகள், நம்பிக்கையைக் காட்டிலும் எச்சரிக்கையையே அதிகம் கற்பித்துள்ளன.

தடையை நீக்கும் சிகிச்சை

உடலின் நோய் எதிர்ப்பு மண்டலத்தில் டி செல்கள் எனப்படும் வெள்ளை அணுக்கள், நோயுற்ற செல்களை அடையாளம் கண்டு அழிக்கும் பணியைச் செய்கின்றன. அவை எல்லை மீறி ஆரோக்கியமான திசுக்களைத் தாக்கிவிடாமல் இருக்க, அவற்றின் மேற்பரப்பில் பிடி-1 போன்ற கட்டுப்பாட்டுப் புரதங்கள் அமைந்துள்ளன. மற்றொரு செல்லின் மீதுள்ள பிடி-எல்1 என்ற புரதம் இந்த பிடி-1 புரதத்துடன் இணைந்தால், டி செல்லின் தாக்குதல் தணிந்துவிடும். பல புற்றுநோய் செல்கள் இந்த ஏற்பாட்டைத் தமக்குச் சாதகமாக்கிக் கொள்கின்றன. பிடி-எல்1 புரதத்தை மிகுதியாக வெளிப்படுத்தி, தம்மை அழிக்க வரும் டி செல்களையே அவை செயலிழக்கச் செய்கின்றன.

இந்த இணைப்பைத் தடுத்தால் டி செல்கள் மீண்டும் செயல்படத் தொடங்கும் என்பதே நவீன நோய் எதிர்ப்பு சிகிச்சையின் அடிப்படை. பிடி-1 புரதத்தைக் கண்டறிந்த ஜப்பானின் தசுகு ஹோன்ஜோவுக்கும், சிடிஎல்ஏ-4 என்ற மற்றொரு கட்டுப்பாட்டுப் புரதத்தின் வழியே இதே தத்துவத்தை நிறுவிய அமெரிக்காவின் ஜேம்ஸ் ஆலிசனுக்கும் 2018-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. அமெரிக்காவில் 2011-இல் இபிலிமுமாப் மருந்துக்கும், 2014-இல் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் ஆகிய மருந்துகளுக்கும் அனுமதி வழங்கப்பட்டது. கீட்ரூடா என்ற வணிகப் பெயரில் விற்கப்படும் பெம்ப்ரோலிசுமாப், 2023-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 2,500 கோடி டாலர் வருவாயை ஈட்டியது.

இவை அனைத்தும் ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்புரத மருந்துகள் என்பது குறிப்பிடத்தக்கது. உயிருள்ள செல்களைப் பெரும் கொள்கலன்களில் வளர்த்து, அவை சுரக்கும் புரதத்தைப் பிரித்தெடுத்துத் தூய்மைப்படுத்தி இவை தயாரிக்கப்படுகின்றன. வாய்வழியே உட்கொண்டால் செரிமானத்தில் சிதைந்துவிடும் என்பதால் இவற்றை ஊசி மூலமே செலுத்த முடியும். 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிர்நிலையில் பாதுகாக்க வேண்டியதும் அவசியம்.

விலையின் இரு வேறு பாதைகள்

சிறு மூலக்கூறு மருந்துகள் இவற்றிலிருந்து முற்றிலும் வேறுபட்டவை. ஓர் ஆன்டிபாடியின் மூலக்கூறு எடை சுமார் 1,50,000 டால்டன் என்றால், வழக்கமான மாத்திரையில் உள்ள வேதிப்பொருளின் எடை பெரும்பாலும் 500 டால்டனுக்குள் அடங்கிவிடும். வேதிவினைகள் மூலம் தயாரிக்கப்படும் அத்தகைய மருந்தை, காப்புரிமைத் தடை நீங்கியதும் வேறு நிறுவனங்களும் அச்சுப் பிசகாமல் உருவாக்க முடியும். புரத மருந்தில் அது சாத்தியமில்லை. மூல மருந்தை ஒத்த ‘உயிரி ஒப்புமை மருந்து’ ஒன்றைத்தான் தயாரிக்க இயலும். அந்த ஒப்புமையை நிரூபிப்பதற்குத் தனியே சோதனைகளும் முதலீடும் தேவைப்படுகின்றன.

இந்த வேறுபாடு நோயாளியின் செலவில் எவ்வாறு எதிரொலிக்கிறது என்பதை இந்திய அனுபவமே எடுத்துக்காட்டுகிறது. ரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் ஒரு சிறு மூலக்கூறு மருந்து. நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் கிளிவெக் மாத்திரைக்கு மாதம் சுமார் 1.2 லட்சம் ரூபாய் செலவான நிலையில், இந்திய நிறுவனங்களின் ஜெனரிக் மாத்திரைகள் சுமார் 8,000 முதல் 10,000 ரூபாய்க்குக் கிடைத்தன. அதன் படிக வடிவத்துக்குக் காப்புரிமை கோரிய மனுவை 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் நிராகரித்ததால் அந்த விலை வேறுபாடு நிலைபெற்றது. மாறாக, மார்பகப் புற்றுநோய்க்கான டிராஸ்டுசுமாப் என்ற ஆன்டிபாடியின் உயிரி ஒப்புமை மருந்தை 2014-இல் பயோகான் நிறுவனம் அறிமுகப்படுத்தியபோது, விலை சுமார் 25 சதவீதம் மட்டுமே குறைந்தது. முதலாவதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிய விலை, இரண்டாவதில் நான்கில் ஒரு பங்கு குறைந்ததோடு அப்போதைக்கு நின்றுவிட்டது.

ஆயினும் மாத்திரை என்பதாலேயே ஒரு மருந்து மலிவாகக் கிடைத்துவிடும் என்று முடிவு கட்டிவிட முடியாது. 2024 ஜூலை மாதம் தாக்கல் செய்யப்பட்ட மத்திய பட்ஜெட்டில் மூன்று புற்றுநோய் மருந்துகளுக்குச் சுங்க வரியிலிருந்து முழு விலக்கு அளிக்கப்பட்டது. அவற்றுள் துர்வாலுமாப், பிடி-எல்1 புரதத்தைத் தடுக்கும் ஆன்டிபாடி. டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகான், நச்சு மருந்து இணைக்கப்பட்ட ஆன்டிபாடி. மூன்றாவதான ஓசிமெர்டினிப், நுரையீரல் புற்றுநோய்க்கான ஒரு மாத்திரை. வரிவிலக்குத் தேவைப்படும் அளவுக்கு ஒரு மாத்திரையும் விலை உயர்ந்ததாக இருக்க முடியும் என்பதற்கு இதுவே சான்று. காப்புரிமை நடைமுறையில் உள்ளவரை, விலையை நிர்ணயிப்பது தயாரிப்புச் செலவு அல்ல. சிறு மூலக்கூறு மருந்தின் உண்மையான பலன், காப்புரிமை முடிந்த பிறகே பொதுமக்களுக்குக் கிடைக்கிறது.

குழி இல்லாத புரதம்

மாத்திரையால் இத்தனை நன்மை இருந்தும் அது ஏன் இன்னும் வரவில்லை என்ற கேள்விக்கான விடை, புரதங்களின் வடிவத்தில் உள்ளது. இமாட்டினிப் போன்ற மருந்துகள் நொதிகளைக் குறிவைப்பவை. நொதிகளின் உடலில் ஆழமான குழிகள் உண்டு. பூட்டின் துளைக்குள் சாவி நுழைவதைப் போல, சிறிய மருந்து மூலக்கூறு அக்குழிக்குள் பொருந்திக்கொண்டு நொதியை முடக்கிவிடும்.

பிடி-1 புரதமும் பிடி-எல்1 புரதமும் சந்திக்கும் பரப்போ அகலமானது, பெரும்பாலும் தட்டையானது. சாவி நுழைவதற்கான துளை அங்கே இல்லை. பெரிய உருவம் கொண்ட ஆன்டிபாடி அப்பரப்பின் மீது படர்ந்து அதை மூடிவிடுகிறது. சிறு மூலக்கூறுக்கோ பற்றிக்கொள்ளப் பிடிமானமே கிடைப்பதில்லை.

எதிர்பாராத ஒரு வழி 2016-இல் தென்பட்டது. பிரிஸ்டல் மயர்ஸ் ஸ்குவிப் நிறுவனம் காப்புரிமை ஆவணங்களில் வெளியிட்டிருந்த சில வேதிப்பொருட்களை, போலந்தின் கிராக்கோவ் நகரிலுள்ள யாகியெல்லோனியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பரிசோதித்தனர். அம்மூலக்கூறுகள் இரண்டு பிடி-எல்1 புரதங்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து, அவற்றின் நடுவே உருவாகும் சுரங்கம் போன்ற இடைவெளியில் தங்கிக்கொள்வது தெரியவந்தது. இல்லாத குழியைத் தாமே உருவாக்கிக்கொள்ளும் வழி இது. இவ்வாறு இணைந்த பிடி-எல்1 புரதங்களால், டி செல்லின் பிடி-1 புரதத்துடன் சேர முடிவதில்லை.

இதே வழியைப் பின்பற்றி அமெரிக்காவின் இன்சைட் நிறுவனம் உருவாக்கிய மாத்திரை, பிடி-எல்1 புரதங்களைப் பிணைத்து செல்லின் உட்புறத்துக்கே இழுத்துச் செல்வதாக 2022-இல் வெளியான ஆய்வு காட்டியது. நோயாளிகள் சிலரின் கட்டிகள் சுருங்கியதும் பதிவானது. மாத்திரை வடிவ பிடி-எல்1 தடுப்பான் மனிதரிடம் வேலை செய்யக்கூடும் என்பதற்குக் கிடைத்த முக்கியமான சான்று அது. ஆனால் சிலருக்கு ஏற்பட்ட நரம்புப் பாதிப்பு கவலையளித்தது. அதன்பின் உருவாக்கப்பட்ட அடுத்த தலைமுறை மூலக்கூறுகளும் நீடிக்கவில்லை. 2024-இல் அந்நிறுவனம் இத்திட்டத்தையே கைவிட்டது.

பெங்களூருவின் சிஏ-170

இந்தத் துறையில் இந்தியாவின் பெயரை இடம்பெறச் செய்தது, டாக்டர் ரெட்டீஸ் குழுமத்தைச் சேர்ந்த பெங்களூருவின் ஆரிஜீன் நிறுவனம். பிடி-1 புரதத்தின் ஒரு சிறு பகுதியை முன்மாதிரியாகக் கொண்டு அதன் விஞ்ஞானிகள் வடிவமைத்த சிஏ-170, பிடி-எல்1, விஸ்டா ஆகிய இரு கட்டுப்பாட்டுப் புரதங்களுக்கு எதிராகச் செயல்படும் வாய்வழி மருந்தாக அறிமுகப்படுத்தப்பட்டது. அமெரிக்காவின் கியூரிஸ் நிறுவனத்துடன் 2015 ஜனவரியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. மறு ஆண்டே மனிதர்களிடம் சோதனை தொடங்கியது. இந்தியாவிலும் நோயாளிகளிடையே இரண்டாம் கட்டச் சோதனை நடைபெற்றது.

மருந்து நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு வந்த நிலையிலேயே, அதன் அடிப்படை குறித்து ஒரு கேள்வி எழுந்தது. கிராக்கோவ் ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட கட்டுரையில், தங்களது பரிசோதனைகளில் சிஏ-170 மூலக்கூறு பிடி-எல்1 புரதத்துடன் நேரடியாகப் பிணைவதற்கான சான்று எதுவும் கிடைக்கவில்லை எனத் தெரிவித்தனர். இதற்கு ஆரிஜீன் தரப்பு 2021-இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு விளக்கத்தை முன்வைத்தது. இரு புரதங்களின் இணைப்பை இம்மருந்து பிரிப்பதில்லை என்றும், அவற்றோடு தானும் சேர்ந்து செயல்படாத ஒரு கூட்டமைப்பை உருவாக்குவதாகவும் அது விளக்கியது.

இதற்கிடையே 2020 பிப்ரவரியில் ஒப்பந்தம் திருத்தப்பட்டது. நுரையீரல் புற்றுநோயாளிகளிடையே கதிர்வீச்சு மற்றும் கீமோதெரபியுடன் இம்மருந்தைச் சேர்த்து இந்தியாவில் பெரிய அளவில் சோதிக்கும் பொறுப்பையும், ஆசியாவுக்கான உரிமைகளையும் ஆரிஜீன் ஏற்றது. பத்தாண்டுகளைக் கடந்தும் சிஏ-170 எந்த நாட்டிலும் சந்தைக்கு வரவில்லை.

இந்திய வேதியியல் ஆய்வின் திறனுக்கு இம்மருந்து ஒரு சான்று என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு மூலக்கூறு தன் இலக்கை உண்மையிலேயே தொடுகிறதா என்ற கேள்விக்கு, பல ஆய்வகங்களும் ஒப்புக்கொள்ளும் விடை நோயாளிகளிடம் செல்வதற்கு முன்பே கிடைத்திருக்க வேண்டும் என்ற பாடத்தையும் அது விட்டுச் சென்றுள்ளது.

அவசரத்தின் விலை

இந்தப் பாடம் பெங்களூருவுக்கு மட்டும் உரியதல்ல. ஐடிஓ1 என்ற நொதி, டி செல்களுக்குத் தேவையான டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்தைச் சிதைத்து அவற்றை வலுவிழக்கச் செய்கிறது. இந்நொதியைத் தடுக்கும் எபகாடோஸ்டாட் மாத்திரை, பெம்ப்ரோலிசுமாப் மருந்துடன் சேர்த்து அளிக்கப்பட்டபோது, தோல் புற்றுநோய் வகையான மெலனோமா நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் பலன் தென்பட்டதாக ஆரம்பகட்டச் சோதனை கூறியது. ஆனால் அச்சோதனையில் ஒப்பீட்டுக்கென மற்றொரு குழு இல்லை. எபகாடோஸ்டாட் இல்லாமலேயே அவர்களில் எத்தனை பேர் தேறியிருப்பார்கள் என்பதை அறிய வழியில்லாமல் போயிற்று.

அந்த நம்பிக்கையில் 706 நோயாளிகளுடன் நடத்தப்பட்ட மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவு 2018 ஏப்ரலில் வெளியானது. நோய் முற்றாமல் கழிந்த காலத்தின் இடைநிலை அளவு, மாத்திரை பெற்றவர்களுக்கு 4.7 மாதங்கள், பெறாதவர்களுக்கு 4.9 மாதங்கள். மாத்திரையால் எந்தப் பயனும் இல்லை என்பது உறுதியானது. இதே இலக்கை நோக்கி மற்ற நிறுவனங்கள் மேற்கொண்டிருந்த பல சோதனைகளும் அடுத்தடுத்து நிறுத்தப்பட்டன.

அதற்கும் முந்தைய அனுபவம் வாடிமெசான் மருந்துடையது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் உருவான இந்தச் சிறு மூலக்கூறு, எலிகளின் கட்டிகளை வியக்கத்தக்க வகையில் அழித்தது. நுரையீரல் புற்றுநோயாளிகள் 1,200-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட சோதனை 2010-இல் தோல்வியில் முடிந்தது. காரணம் 2013-இல்தான் தெளிவானது. ஆபத்தை உணர்ந்து நோய் எதிர்ப்பு மண்டலத்தை எழுப்பும் ஸ்டிங் என்ற புரதத்தின் எலி வடிவத்துடன் அம்மருந்து பிணைகிறது. மனித வடிவத்துடன் பிணைவதில்லை. மருந்து தொடவே செய்யாத ஓர் இலக்கின் பெயரால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் சோதனைக்கு உள்ளாக்கப்பட்டிருந்தனர்.

முன்பே வென்றவை

சிறு மூலக்கூறுகளால் நோய் எதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டவே முடியாது என்று இத்தோல்விகளிலிருந்து முடிவு செய்வதும் தவறாகும். தோலில் தடவப்படும் இமிகுவிமோட் களிம்பு, டிஎல்ஆர்-7 என்ற உணரியைத் தூண்டி உடலின் தற்காப்பை எழுப்புகிறது. மேலோட்டமான அடித்தளச் செல் தோல் புற்றுநோய்க்கு அது 2004-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

எலும்பு மஜ்ஜையில் தோன்றும் மல்டிபிள் மைலோமா புற்றுநோய்க்குத் தரப்படும் லெனாலிடோமைடு இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. கருவிலிருந்த குழந்தைகளுக்குக் கடும் ஊனங்களை ஏற்படுத்தியதால் 1961-இல் திரும்பப் பெறப்பட்ட தாலிடோமைடு மருந்தின் வழிவந்தது இது. செரிப்ளான் என்ற புரதத்துடன் தாலிடோமைடு பிணைவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2010-இல் கண்டறிந்தனர். அந்தப் பிணைப்பின் மூலம் புற்றுநோய் செல்லுக்குத் தேவையான இரு புரதங்களை லெனாலிடோமைடு சிதைவுக்கு உள்ளாக்குவதும், அதன் விளைவாக டி செல்கள் ஊக்கம் பெறுவதும் 2014-இல் தெளிவாயின. மருந்து நோயாளிகளைச் சென்றடைந்து ஏறத்தாழ பத்தாண்டுகள் கழித்தே அதன் இயக்கம் புரிந்தது. இன்று இந்தியாவில் இதன் ஜெனரிக் மாத்திரைகளைப் பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் வழியே செயல்படும் ஒரு புற்றுநோய் மருந்து, மாத்திரை வடிவில் சாமானியரை எட்ட முடியும் என்பதை இது மெய்ப்பித்துள்ளது.

தற்போதைய ஆய்வுகள், செல்லின் மேற்பரப்பை விடுத்து உட்புறத்தை நோக்கித் திரும்பியுள்ளன. ஆன்டிபாடியால் செல்லுக்குள் நுழைய முடியாது. சிறு மூலக்கூறால் முடியும். டி செல்லுக்குள் இருந்துகொண்டு அதன் வேகத்தைக் குறைக்கும் பிடிபிஎன்2, ஹெச்பிகே1 போன்ற நொதிகள் இப்போதைய இலக்குகள். பிடிபிஎன்2 மற்றும் அதை ஒத்த பிடிபிஎன்1 நொதிகளைத் தடுக்கும் வாய்வழி மருந்தொன்று, எலிகளில் டி செல்களை ஊக்குவிப்பதுடன் கட்டியின் செல்களையும் தாக்குதலுக்கு ஆளாகக்கூடியவையாக மாற்றுவதாக 2023-இல் ‘நேச்சர்’ இதழில் ஆய்வு வெளியானது. அது மனிதரிடமும் சோதிக்கப்பட்டுள்ளது. ஆன்டிபாடியின் வேலையை மலிவாகச் செய்வதைவிட, ஆன்டிபாடியால் செய்ய இயலாததைச் செய்வதே சிறு மூலக்கூறுகளின் இயல்பான களமாக உருவெடுத்து வருகிறது.

பாதுகாப்பு சார்ந்த ஓர் அனுகூலமும் உண்டு. பெம்ப்ரோலிசுமாப் மருந்தின் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறைவதற்கே சுமார் 22 நாட்கள் ஆகின்றன. தூண்டப்பட்ட நோய் எதிர்ப்பு மண்டலம் குடலையோ நுரையீரலையோ தாக்கத் தொடங்கினால், உடலில் தங்கிவிட்ட மருந்தை உடனே அகற்ற வழியில்லை. மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் சில நாட்களுக்குள் அது வெளியேறிவிடும். அதேவேளை, அதை நாள்தோறும் தவறாமல் உட்கொள்ள வேண்டிய பொறுப்பு நோயாளியைச் சேர்கிறது.

மும்பை காட்டிய வழி

மாத்திரை வரும்வரை நோயாளிகள் காத்திருக்க இயலாது. இந்நிலையில் டாடா நினைவு மருத்துவமனை மேற்கொண்ட ஓர் ஆய்வு கவனம் பெறுகிறது. முற்றிய தலை மற்றும் கழுத்துப் புற்றுநோய் கொண்ட 151 பேரிடம் நடத்தப்பட்ட இந்தச் சோதனையில் அனைவருக்கும் மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப், எர்லோடினிப் ஆகிய மூன்று மாத்திரைகள் வழங்கப்பட்டன. ஒரு பிரிவினருக்கு மட்டும் கூடுதலாக நிவோலுமாப் 20 மில்லிகிராம் மூன்று வாரங்களுக்கு ஒருமுறை செலுத்தப்பட்டது. வழக்கமாக இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை செலுத்தப்படும் 240 மில்லிகிராமில் இது பன்னிரண்டில் ஒரு பங்கு மட்டுமே.

ஓராண்டுக்குப் பிறகு உயிருடன் இருந்தோரின் விகிதம், மாத்திரைகள் மட்டும் பெற்ற பிரிவில் 16.3 சதவீதமாகவும், குறைந்த அளவு நிவோலுமாப் பெற்ற பிரிவில் 43.4 சதவீதமாகவும் இருந்தது. முழு அளவு மருந்துடன் இது ஒப்பிடப்படவில்லை என்பதால், இரண்டும் சமம் என்று இதைக் கொண்டு கூற முடியாது. ஆனால் முழு அளவு மருந்தை வாங்க இயலாத நோயாளிக்கு முன்னிருந்த தெரிவு, முழு அளவா குறைந்த அளவா என்பதல்ல. குறைந்த அளவா, எதுவுமே இல்லையா என்பதுதான். அக்கேள்விக்கு இந்த ஆய்வு தெளிவான விடையளித்துள்ளது.

அடுத்தது என்ன?

ஆன்டிபாடிகளின் களமும் மாறி வருகிறது. 2006-இல் விண்ணப்பிக்கப்பட்ட நிவோலுமாப் மருந்தின் இந்தியக் காப்புரிமை 2026 மே மாதம் வரையிலானது. பெம்ப்ரோலிசுமாப் மருந்தின் முக்கிய அமெரிக்கக் காப்புரிமைகள் 2028-இல் காலாவதியாகின்றன. நரம்பு வழியாக அல்லாமல் தோலுக்கு அடியில் சில நிமிடங்களில் செலுத்தக்கூடிய நிவோலுமாப் வடிவத்துக்கு 2024 டிசம்பரிலும், பெம்ப்ரோலிசுமாப் வடிவத்துக்கு 2025 செப்டம்பரிலும் அமெரிக்கா அனுமதி வழங்கியது. மூன்று ஆண்டுகளில் அனைத்து மாவட்ட மருத்துவமனைகளிலும் பகல்நேரப் புற்றுநோய் சிகிச்சை மையங்கள் அமைக்கப்படும் என்றும், 2025-26 நிதியாண்டில் 200 மையங்கள் தொடங்கப்படும் என்றும் மத்திய பட்ஜெட் அறிவித்தது. உயிரி ஒப்புமை மருந்துகளின் போட்டியால் விலை இறங்கி, ஊசி செலுத்தும் வசதியும் மாவட்ட அளவில் பரவினால், மாத்திரைக்கான தேவையின் ஒரு பகுதி தானாகவே குறைந்துவிடும்.

எனவே இந்தியாவைப் பொறுத்தவரை இது ஊசியா, மாத்திரையா என்ற ஒற்றைத் தெரிவு அல்ல. இன்று கையிலிருக்கும் ஆன்டிபாடியைக் குறைந்த அளவில் பயன்படுத்தும் ஆய்வுகள், நாளை வரவிருக்கும் உயிரி ஒப்புமை மருந்துகள், அதற்கு அப்பால் சிறு மூலக்கூறுகள் என மூன்று காலங்களுக்கான பணிகள் ஒருசேர நடைபெற வேண்டியுள்ளது. இவற்றில் முதலாவதற்குத் தேவை பொது மருத்துவமனைகளில் நடத்தப்படும், மருந்து நிறுவனங்களின் வணிக நோக்கைச் சாராத சோதனைகள். மூன்றாவதற்குத் தேவை, வேதியியலில் பெற்றுள்ள தேர்ச்சிக்கு ஈடாக நோய் எதிர்ப்பு உயிரியலிலும் முதலீடு.

மலிவான ஜெனரிக் மாத்திரைகளைத் தயாரித்து உலகுக்கு அளித்த நாடு என்ற பெயர் இந்தியாவுக்கு உண்டு. பிறர் கண்டறிந்து மெய்ப்பித்த மருந்தை மீண்டும் தயாரிப்பதில் கிடைத்த வெற்றி அது. புதிய மருந்தைக் கண்டறியும் களத்தில் நிலைமை வேறு: இலக்கு சரியா, மருந்து அதைத் தொடுகிறதா, ஒப்பீட்டுக் குழுவை விட நோயாளி அதிக காலம் வாழ்கிறாரா என்ற மூன்று கேள்விகளையும் எவராலும் தவிர்க்க முடியாது. எபகாடோஸ்டாட்டும் வாடிமெசானும் அவற்றைக் கடக்க முடியாமல் நின்றன. அடுத்த மாத்திரை எந்த ஆய்வகத்திலிருந்து வந்தாலும், அதை உட்கொள்ளப்போகும் நோயாளியின் சார்பில் முதலில் எழுப்பப்பட வேண்டியவை இக்கேள்விகளே.